டைம்லைனில் பளிச், ஃபைலில் மங்கல்: எக்ஸ்போர்ட்டில் வீடியோவின் தரம் போகாமல் காப்பது எப்படி?

எடிட் செய்யும்போது படம் பளிச்சென்று இருக்கும். எக்ஸ்போர்ட் கொடுத்து, வந்த ஃபைலைத் திறந்தால் முகமெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கும். இருட்டான பகுதியில் கட்டம் கட்டமாக ஏதோ நெளியும். எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிற யாரும் இதற்குத் தப்புவதில்லை. உடனே எல்லோரும் செய்கிற முதல் காரியம் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தகவலின் அளவை, கூட்டுவது. ஃபைல் மூன்று மடங்கு பெருக்கும். படம் இருந்தபடியே இருக்கும்.

எனக்கு இது புரிந்தது ஒரு மேடை நடனத்தால். நண்பர் ஒருவர் ஃபோனில் எடுத்து, மெசேஜ் செயலியில் அனுப்பி வைத்தார். என் எடிட்டர் (எடிட்டிங் மென்பொருள்) அதைச் சரியாக ஓட்டவில்லை என்று, கைக்குக் கிடைத்த ஓர் இலவச கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினேன். எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்தேன். ஃபைல் பெரிதாக இருக்கிறதே என்று இன்னொரு தடவை சுருக்கினேன். மேடையில் விட்ட புகை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. பிட்ரேட்டை ஏற்றி ஏற்றி மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன், சதுரங்கள் போகவில்லை. அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன்: கேமராவில் ஒரு சுருக்கம், செயலியில் ஒன்று, கன்வெர்ட்டரில் ஒன்று, எக்ஸ்போர்ட்டில் ஒன்று, கடைசியாக நானே போட்டது ஒன்று. மொத்தம் ஐந்து. யூடியூப் மாதிரி ஒரு தளத்தில் ஏற்றியிருந்தால் ஆறு.

எந்த கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), எந்த பிட்ரேட் என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படம் எத்தனை முறை சுருங்கியிருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். கீழே சொல்லப்போகிற படிகளில் பாதி, அந்த எண்ணிக்கையைக் குறைக்கிற வேலைதான்.

சுருக்கும்போது என்ன நடக்கிறது?

1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 6.2 எம்பி. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 187 எம்பி வரும், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 1,500 மெகாபிட். அதே காட்சியைப் பல ஃபோன்கள் நொடிக்கு 15 முதல் 20 மெகாபிட்டுக்குள் பதிவு செய்துவிடுகின்றன. அப்படியென்றால் மீதி எங்கே போயிற்று?

கொஞ்சம் சாமர்த்தியத்தால் மிச்சமானது, கொஞ்சம் தூக்கியெறியப்பட்டது. கோடெக் எல்லா ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு முழு ஃப்ரேமை எழுதிவிட்டு, அடுத்து வருகிற ஃப்ரேம்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் சட்டென்று கண்டுபிடிக்காத நுண்ணிய விவரங்களை விட்டுவிடும். நிறத்தையும் முழுதாக வைப்பதில்லை. 4:2:0 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் என்று அர்த்தம். வெளிச்சத் தகவல் மட்டும்தான் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும்.

ஒரு தடவை இப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் இரண்டாவது தடவையில்தான். முதல் சுருக்கத்தில் ஏற்பட்ட பிசிறு, படத்தில் இருக்கிற நிஜமான விவரம் இல்லை என்பது இரண்டாவது கோடெக்குக்குத் தெரியாது. அந்தப் பிசிறைக் காப்பாற்றவும் பிட்டுகளைச் செலவழிக்கும். அதற்கு இடம் பண்ண நிஜமான விவரத்தை இன்னும் கொஞ்சம் தூக்கியெறியும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி ஆகுமோ அப்படித்தான். போன விவரம் போனதுதான். அதனால்தான் என் புகைக்காட்சியில் பிட்ரேட்டை ஏற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. உடைந்த சதுரங்களை மிகத் துல்லியமாகப் பதிவு செய்து கொடுத்தது, அவ்வளவுதான்.

படி 1: அசல் ஃபைலைக் கைக்குக் கொண்டு வாருங்கள்

படம் எடுத்தவரிடமிருந்து ஃபைல் உங்களுக்கு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். மெசேஜ் செயலியில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேபிள் போட்டு எடுங்கள், அதுவும் முடியாவிட்டால் இணையச் சேமிப்பில் ஏற்றி இணைப்பைக் கேளுங்கள். இணையச் சேமிப்பிலும் 'அசல் தரம்' என்று அமைப்பு இருந்தால் அது இயங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தது அசல்தானா? கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம், ஃபைலையே கேட்கலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போட்டால் ஜாதகமே வரும். விஎல்சி பிளேயரிலும் 'டூல்ஸ்' மெனுவில் கோடெக் விவரம் இருக்கிறது. என் நடனக் காட்சியை இப்படிப் பார்த்தபோது அகலம் 848, உயரம் 480, பிட்ரேட் நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்று காட்டியது. நண்பரின் ஃபோனிலிருந்து கேபிள் வழியாக எடுத்த அதே கிளிப் 1920×1080, 17 மெகாபிட். பதினொரு மடங்கு தகவல் வழியிலேயே கொட்டிப் போயிருந்தது. எக்ஸ்போர்ட் அமைப்பில் நான் எதை மாற்றியிருந்தாலும் அது திரும்பி வந்திருக்காது.

மீடியாஇன்ஃபோவில் ஐந்து விஷயங்களைக் குறித்து வையுங்கள்: கோடெக், அளவு, ஃப்ரேம் ரேட், ஃப்ரேம் ரேட் நிலையானதா மாறக்கூடியதா, பிட் ஆழம் (ஒரு நிறத்துக்கு எத்தனை பிட்) 8-ஆ 10-ஆ. அடுத்து வருகிற படிகளில் எல்லாம் இவை தேவைப்படும்.

படி 2: கன்வெர்ட் செய்யத்தான் வேண்டுமா?

புதியவர்கள் ரொம்பக் குழம்புகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கிற படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதுதான் கோடெக்: எச்.264, எச்.265, ஏவி1, புரோரெஸ் போன்றவை. ஒரே எச்.264 படத்தை எம்கேவியிலும் வைக்கலாம், எம்பி4-இலும் வைக்கலாம். 'என் எடிட்டர் எம்கேவியைத் திறக்கவில்லை' என்றால் பெரும்பாலும் டப்பாதான் பிரச்சினை. டப்பாவை மாற்றினால் போதும். படத்தைத் தொடவே வேண்டாம்.

இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஃபைல் மெனுவிலேயே ரீமக்ஸ் வசதியைப் பார்க்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை எழுதி இயக்குகிற மென்பொருள் தெரிந்தவர்கள் கோடெக் என்ற இடத்தில் 'காப்பி' என்று கொடுத்தால் ஆயிற்று. கட்டளை எழுதப் பயமாக இருந்தால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அதே எஃப்எஃப்எம்பெக்கை உள்ளே வைத்துக்கொண்டு பட்டன்களோடு வருகிறது. ஒரு மணி நேர வீடியோவுக்கும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த வேகமே ஒரு நல்ல அடையாளம்: மாற்றம் சட்டென்று முடிந்தால் படம் தொடப்படவில்லை, மின்விசிறி இரைந்து அரைமணி நேரம் ஓடினால் மறுபடி சுருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றுவது ரீமக்ஸ் இல்லை. அது டப்பாவின் மேல் வேறு சீட்டு ஒட்டுவது.

முன்னும் பின்னும் வெட்டுவது மட்டும்தான் உங்கள் எடிட் என்றால் எடிட்டருக்கே போக வேண்டாம். லாஸ்லெஸ்கட்டிலேயே வெட்டிச் சேமிக்கலாம், தரம் ஒரு துளியும் போகாது. ஒரே நிபந்தனை, வெட்டு முழு ஃப்ரேம் இருக்கிற இடத்தில்தான் தொடங்கும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஒன்றிரண்டு நொடி முன்னால் ஆரம்பிக்கலாம். பேச்சு, வகுப்பு மாதிரியான பதிவுகளுக்கு அது பெரிய விஷயமில்லை.

சரி, நிஜமாகவே கன்வெர்ட் செய்ய வேண்டிய நேரங்களும் உண்டு. முக்கியமாக இரண்டு.

ஒன்று, மாறும் ஃப்ரேம் ரேட். ஃபோன்களும் திரைப்பதிவு மென்பொருள்களும் நொடிக்கு 30 என்று சொல்லிவிட்டு 28, 30, 31 என்று இஷ்டத்துக்குப் பதிவு செய்யும். சில எடிட்டர்களில் இதனால் பத்தாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போய்விடும். மீடியாஇன்ஃபோ 'வேரியபிள்' என்று காட்டி, உங்கள் எடிட்டரும் தடுமாறினால், முதலில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட்டரில் வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்து, தர எண்ணை (குறையக் குறையத் தரம் கூடும்) 16-க்குப் பக்கத்தில் வைத்து மாற்றினால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. எடிட்டர் தடுமாறவில்லை என்றால் சும்மா விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கணினி திணறுவது. 4கே (3840×2160) எச்.265 ஃபைல்கள் பழைய கணினிகளில் விட்டு விட்டு ஓடும். இதற்காக ஃபைலையே சின்னதாக மாற்றிவிடுவது பெரிய தவறு. இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரி எடிட்டிங்குக்கென்றே உள்ள கோடெக்குக்கு மாற்றலாம். இவை ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக வைப்பதால் கணினிக்குச் சுலபம். மறுபடி மறுபடி சேமித்தாலும் தரம் பெரிதாகப் போகாது. ஆனால் இடத்தை விழுங்கும்: 1080பி (1920×1080), நொடிக்கு 29.97 ஃப்ரேமில் புரோரெஸ் 422 என்பது நொடிக்கு 147 மெகாபிட், நிமிடத்துக்கு 1.1 ஜிபி. 17 மெகாபிட் ஃபைல் 147 ஆனதால் தரம் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு மேல் குறையாது என்பது மட்டும்தான் லாபம்.

மற்ற வழி பிராக்ஸி. எடிட்டரே அசலின் சின்ன நகல்களைத் தயாரித்துக்கொண்டு, நீங்கள் அவற்றில் வேலை செய்யும்படி விடும். எக்ஸ்போர்ட்டின்போது அசலுக்குத் திரும்பிவிடும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். எக்ஸ்போர்ட் சன்னலில் 'பிராக்ஸியைப் பயன்படுத்து' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருப்பதைக் கவனிக்காமல் நாற்பது நிமிடப் படத்தை இரவெல்லாம் ரெண்டர் செய்து, காலையில் மங்கலான படத்தோடு விழித்தவன் நான்.

படி 3: டைம்லைன் அமைப்பு

முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே ஃப்ரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரில் மீடியா உள்ளே வந்த பிறகு புராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. பெரும்பான்மையான கிளிப்கள் எதில் இருக்கின்றனவோ அதுவே டைம்லைனுக்கும். 25-இல் எடுத்ததை 30-இல் போட்டால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் இரட்டிக்கும். கேமரா ஒரு பக்கமாக மெல்லத் திரும்புகிற காட்சியில் அது தட்டித் தட்டி நகர்வது தெரியும். இது சுருக்கத்தால் வந்த குறை இல்லை, ஆனால் பார்க்கிறவர்கள் 'வீடியோ குவாலிட்டி சரியில்லை' என்றுதான் சொல்வார்கள்.

அளவு விஷயத்திலும் அப்படித்தான். 1080பி கிளிப்பை 200 சதவீதம் பெரிதாக்கினால் திரையில் தெரிவது 960×540 பிக்சல்தான், மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. கிடைமட்டமாக எடுத்ததைச் செங்குத்து வீடியோவாக வெட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். 1080 உயரத்துக்கு 9:16 என்று வெட்டினால் அகலம் 608 பிக்சல்கூட வராது. அதை 1080 அகலத்துக்கு இழுக்கிறோம். எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் செங்குத்து வடிவம் மட்டும் மங்குவதற்குக் காரணம் இதுதான். செங்குத்தாகவும் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால் 4கே-யில் எடுத்துவிடுங்கள். அப்போது வெட்டின பிறகும் 1,215 பிக்சல் அகலம் கையில் இருக்கும்.

நிறம் வெளிறியோ, வெளிச்சம் கண்ணைக் கூசும்படியோ தெரிந்தால் ஃபோனில் எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள பதிவு முறை) இயங்கிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். சாதாரண ரெக்.709 (வழக்கமான எச்டி வீடியோவின் நிற அமைப்பு) டைம்லைனில் எச்டிஆர் கிளிப்பை அப்படியே போட்டால் நிறம் தவறாகத்தான் தெரியும். எடிட்டரின் நிற மேலாண்மையில் அதை ரெக்.709-க்கு மாற்றும்படி சொல்ல வேண்டும். எச்டிஆராகவே வெளியிடும் எண்ணம் இல்லையென்றால் படம் எடுக்கும்போதே அணைத்துவிடுவது நல்லது.

படி 4: எக்ஸ்போர்ட் சன்னல்

இங்கே இருக்கிற இருபது முப்பது அமைப்புகளில் நீங்கள் தொட வேண்டியவை நான்கைந்துதான்.

அளவும் ஃப்ரேம் ரேட்டும் டைம்லைனில் உள்ளபடியே இருக்கட்டும். ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், 320 கிலோபிட். ஒலியில் மிச்சம் பிடிப்பதால் ஃபைல் ஒன்றும் இளைக்காது.

கோடெக் விஷயத்தில், யார் எந்தக் கருவியில் பார்ப்பார்கள் என்று தெரியாதபோது எச்.264. 2003-இல் வந்தது, அது ஓடாத கருவி இன்று அபூர்வம். 2013-இல் வந்த எச்.265 ஏறத்தாழ அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும், 10 பிட்டுக்கும் ஏற்றது. ஆனால் எல்லா உலாவியிலும் எல்லாப் பழைய கணினியிலும் ஓடும் என்று நம்பி அனுப்ப முடியாது. ஏவி1 இன்னும் சிக்கனமானது, சுருக்குவதற்கு நேரம் பிடிக்கும்.

பிட்ரேட்டுக்கு வருவோம். மென்பொருள் இரண்டு விதமாகக் கேட்கும். ஒன்று, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று நீங்கள் சொல்வது. இன்னொன்று, இந்தத் தரம் வேண்டும், எத்தனை பிட் ஆனாலும் சரி என்று சொல்வது. இரண்டாவது வகைதான் ஹேண்ட்பிரேக்கில் உள்ள ஆர்எஃப், எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள சிஆர்எஃப். எண் குறையக் குறையத் தரம் கூடும். எக்ஸ்264-இல் (எச்.264-ஆகச் சுருக்கித் தருகிற மென்பொருள்) 23 என்பது இயல்பான அமைப்பு. 18-க்கு வந்தால் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்.265-க்கான எக்ஸ்265-இல் இயல்பான அமைப்பு 28. இரண்டிலும் அளவுகோல் வேறு. ஒன்றின் எண்ணை மற்றதில் அப்படியே போடக் கூடாது.

ஃபைலின் அளவுக்கு வரம்பு இல்லாதபோது நான் தர எண்ணையே நம்புகிறேன். அசையாத முகத்துக்குக் கொஞ்சமாகவும், அலையடிக்கிற நீருக்கு நிறையவும் பிட்டுகளை அதுவே பங்கிட்டுக்கொள்ளும். இத்தனை எம்பிக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டாயம் இருந்தால்தான் பிட்ரேட்டைச் சொல்லி, 'இரண்டு பாஸ்' வைக்க வேண்டும். முதல் பாஸில் படம் முழுவதையும் படித்துவிட்டு, இரண்டாவதில் எங்கே எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்யும்.

கணக்கு சுலபம்: பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி. நொடிக்கு 8 மெகாபிட், பத்து நிமிடம் என்றால் 8 × 600 ÷ 8, அதாவது 600 எம்பி. இதையே திருப்பிப் போட்டால், 300 எம்பிக்குள் அடங்க எத்தனை மெகாபிட் என்பதும் வந்துவிடும்.

யூடியூப் தன் பரிந்துரையில் எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத சாதாரண) வீடியோவுக்கு 1080பி, 30 ஃப்ரேம் என்றால் 8 மெகாபிட், 60 ஃப்ரேம் என்றால் 12 மெகாபிட், 4கே-க்கு 30 ஃப்ரேமில் 35 முதல் 45, 60 ஃப்ரேமில் 53 முதல் 68 என்று சொல்கிறது. நான் 1080பி-க்கு எப்போதும் அதைப் போல இரண்டு மடங்கு வைக்கிறேன். தளம் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறது; அதன் கைக்குப் போகிற ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பத்து மடங்கு வைப்பதால் பத்து மடங்கு லாபம் கிடைக்காது, ஏற்றும் நேரம்தான் கூடும்.

கிராஃபிக்ஸ் கார்டை வைத்துச் சுருக்குவதா, சிபியுவை வைத்தா என்றும் சில மென்பொருள்கள் கேட்கும். கார்டு வேகமானது, ஆனால் அதே பிட்ரேட்டில் எக்ஸ்264-இன் மெதுவான அமைப்புகள் பொதுவாக இன்னும் சுத்தமாகக் கொடுக்கும். வரைவுப் படத்துக்குக் கார்டு, கடைசிப் பிரதிக்கு சிபியு என்பது என் பழக்கம். பிட்ரேட்டைத் தாராளமாக வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 5: மாஸ்டர் ஒன்று, மற்றதெல்லாம் அதிலிருந்து

ஒரே படம் தளத்துக்கு ஒரு வடிவம், ஃபோனில் அனுப்ப ஒரு வடிவம், பென்டிரைவுக்கு ஒன்று என்று கேட்பார்கள். தளத்துக்குச் செய்த எச்.264 ஃபைலிலிருந்தே மற்றவற்றைச் சுருக்கினால் எண்ணிக்கை மறுபடி ஏறும். அதற்குப் பதிலாக புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸில் ஒரு மாஸ்டர், அதாவது உயர்ந்த தரத்தில் ஒரு மூலப் பிரதி, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிற ஒவ்வொரு வடிவத்தையும் அதிலிருந்து ஹேண்ட்பிரேக்கில் எடுக்கலாம். எடிட்டரை மறுபடி திறக்கவே வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. திறந்தவுடன் தேர்வாகியிருக்கும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பு, பெயரே சொல்கிற மாதிரி, 4கே படத்தை 1080-க்கும் 60 ஃப்ரேமை 30-க்கும் கேட்காமலே இறக்கிவிடும். அளவு, ஃப்ரேம் ரேட் இரண்டையும் மூலத்தில் உள்ளபடி வைத்து, 1080பி-க்கு ஆர்எஃப் 18 முதல் 20-க்குள் தொடங்குங்கள். ஹேண்ட்பிரேக்கின் ஆவணங்களே 1080பி-க்கு 20 முதல் 24 வரை போதும் என்கின்றன. நான் கொஞ்சம் கஞ்சத்தனம் இல்லாமல் செலவழிக்கிற ஆள்.

படி 6: முழுப் படத்துக்கு முன் முப்பது நொடி

இரண்டு மணி நேரம் ரெண்டர் செய்துவிட்டுத் தலையில் கை வைப்பதைவிட, படத்தின் மிக மோசமான முப்பது நொடியை மட்டும் முதலில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மோசமான என்றால் கோடெக்குக்குச் சிரமமான இடம்: புகை, மழை, காற்றில் ஆடும் இலைகள், பொடிப்பொடியாகப் பறக்கும் காகிதத் துண்டுகள், மெல்ல இருளில் கரைகிற முடிவு. அந்த இடம் தாங்கினால் மற்ற இடம் எல்லாம் தானாகத் தாங்கும்.

வந்த துண்டை நூறு சதவீத அளவில் பாருங்கள். அதை மறுபடி டைம்லைனில் கொண்டுவந்து, அசல் எடிட்டுக்கு மேல் அடுக்கில் வைத்து, கலப்பு முறையை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒன்றேயானால் திரை முழுக் கறுப்பு. எங்கெல்லாம் சாம்பல் நிறத்தில் எதுவோ மின்னுகிறதோ அங்கெல்லாம் ஏதோ தொலைந்திருக்கிறது. கொஞ்சம் மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். முகத்தின் கோடே வரைந்த மாதிரி தெரிந்தால் பிட்ரேட் போதவில்லை, அல்லது அளவு எங்கோ மாறியிருக்கிறது.

இந்தச் சோதனையில் இரண்டு குறைகள் அடிக்கடி மாட்டும். இரண்டுக்கும் பிட்ரேட் மருந்தில்லை.

முதலாவது, இருட்டிலும் வானத்திலும் வருகிற பட்டைகள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். விளக்கொளி சுவரில் மெல்ல மங்கி இருளாகிற காட்சியில், அந்த மங்கல் முழுவதும் இருபது படிகளுக்குள் அடங்கிவிடலாம். 1,920 பிக்சல் அகலத்தை இருபதால் வகுத்தால் ஒவ்வொரு பட்டையும் 96 பிக்சல். அதனால்தான் சுவரில் வளையம் வளையமாகத் தெரிகிறது. 10 பிட்டில் படம் எடுத்து, 10 பிட்டிலேயே எக்ஸ்போர்ட் செய்தால் 1,024 படிகள் கிடைக்கும், வளையங்கள் மறையும். 8 பிட்டில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் அந்தக் காட்சிக்கு மட்டும் மிக மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) தூவுங்கள். படிகளின் ஓரம் கலைந்து கண் ஏமாறும். நிறையத் தூவினால் அந்தப் பொடியைச் சுமக்கவே பிட்டுகள் போய்விடும், ஆகவே அளவாக. இதற்கு நேர்மாறாக, இருட்டில் எடுத்து இரைச்சல் பொங்குகிற கிளிப்பில் இரைச்சலைக் கொஞ்சம் நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் அதே பிட்ரேட்டில் படம் தெளிவாக வரும்.

இரண்டாவது, எக்ஸ்போர்ட் செய்த படம் வெளுத்துத் தெரிவது, அல்லது நிழல்கள் கரியாகிவிடுவது. வீடியோவில் வழக்கமாக 16 என்பது கறுப்பு, 235 என்பது வெள்ளை. கணினி வரைகலையில் 0-வும் 255-உம். ஃபைல் ஒன்றைச் சொல்லி, பிளேயர் இன்னொன்றாகப் புரிந்துகொண்டால் இந்தக் கோளாறு வரும். டேட்டா லெவல் போன்ற அமைப்புகளை 'ஆட்டோ'வில் விட்டுவிடுங்கள். மேக்கில் குவிக்டைம் பிளேயரில் மட்டும் வெளுத்துத் தெரிந்து, விஎல்சியில் சரியாகத் தெரிந்தால் அது பிளேயர் நிறத்தைப் புரிந்துகொள்கிற விதம். பதறிப்போய் எடிட்டில் கான்ட்ராஸ்டைக் கூட்டி 'சரிசெய்ய' வேண்டாம். மற்ற எல்லாத் திரையிலும் அது கறுத்துப் போகும். இரண்டு பிளேயர், ஒரு ஃபோன், முடிந்தால் ஒரு டிவி என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

படி 7: அனுப்புவதும் ஏற்றுவதும்

மெசேஜ் செயலியில் அனுப்புவதானால், நீங்கள் அசலை வாங்கின வழியேதான்: டாக்குமென்ட். பென்டிரைவில் போடும்போது 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவில்லை, 'இடமில்லை' என்கிறது, ஆனால் இடம் இருக்கிறது என்றால், டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதற்காகப் படத்தை மறுபடி சுருக்கிவிடாதீர்கள். டிரைவில் உள்ளதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் போதும்.

தளத்தில் ஏற்றினவுடன் திறந்து பார்த்து, மங்கலாக இருக்கிறதே என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் 360பி மாதிரி சின்ன வடிவம்தான் தயாராகும். பெரிய வடிவங்கள் பின்னால் வரும், 4கே-க்கு மணிக்கணக்கில்கூட ஆகலாம். பிளேயரின் சக்கரக் குறியில் உங்கள் அளவு பட்டியலில் வந்துவிட்டதா என்று பார்த்து, அதையே தேர்ந்தெடுத்து ஓட விட்டுப் பாருங்கள். வந்த பிறகும் மங்கினால் மாஸ்டரைத் திறந்து அதே நொடியைப் பாருங்கள். மாஸ்டரிலும் மங்கல் என்றால் தவறு உங்கள் டைம்லைனில். மாஸ்டர் பளிச்சென்றிருந்தால் அது தளம் போட்ட சுருக்கம். அப்போது மாஸ்டரிலிருந்து இன்னும் கொஞ்சம் தாராளமான பிட்ரேட்டில் ஒரு பிரதி எடுத்து ஏற்றிப் பார்க்கலாம்.